டீக் கணக்கு கேட்டோம், தீக் கணக்கை யார் கேட்பது?

கிணற்றடி · 12 ஜூன் 2025, இரவு 9.40

வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு நகராட்சி எங்களுடையது. ஊர் பெயர் வேண்டாம், இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எங்கள் தெருவிலிருந்து அரைக் கிலோமீட்டரில் குப்பைக் கிடங்கு. கிடங்கு என்று பேர்தான். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் ஓடை.

மூன்று வருஷமாகப் பங்குனி, சித்திரை வந்தால் தீ. இந்த வருஷம் ஐந்து நாள் புகைந்தது. அப்பாவுக்கு ஆஸ்துமா, அந்த ஐந்து நாளும் அவரை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தோம். தீயை விடப் பெரிய கவலை கிணறு. ஆறு வருஷத்துக்கு முன் குடித்த தண்ணீர், இப்போது பக்கெட்டில் பிடித்து வைத்தால் அரை மணியில் மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம். துணி துவைக்கக்கூட மனசு வரவில்லை.

அலுவலகத்துக்கு நாலு முறை போனேன். "பயோமைனிங் (பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுப்பது) நடக்குதுங்க, ஆறு மாசத்துல எல்லாம் சரியாயிரும்" என்றார்கள். இதே பதிலைப் போன வருஷமும் கேட்டேன். பேப்பர்காரர்களுக்கும் சொன்னேன். தீப்பிடித்த அன்று படம் வந்தது, மறுநாள் "தீ கட்டுக்குள்: அதிகாரிகள் ஆய்வு" என்று வந்தது. மூன்றாம் நாள் புகை இருந்தது, செய்தி இல்லை.

எனக்குத் திட்டத் தெரியும். கேட்கத் தெரியவில்லை. யாரை, எந்த வார்த்தையில் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிங்காநல்லூரான் · 12 ஜூன், இரவு 10.15

எங்கள் கதையையும் கேளுங்கள். வெள்ளலூர் கிடங்கு சுமார் 650 ஏக்கர், கோவையின் குப்பை முழுக்க அங்கேதான். 2024 ஏப்ரல் தொடக்கத்தில், தேர்தல் பிரசாரம் சூடாக இருந்த நேரம், தீப்பிடித்துப் பத்து நாளுக்கு மேல் போராடி அணைத்தார்கள். ஜூலையில் மாமன்றத்துக்கு வந்த செலவுக் கணக்கைப் பார்த்தால் மொத்தம் 76 லட்சத்துக்கு மேல். அதில் டீ, காபி, சாப்பாடு வகையறாவுக்கு மட்டும் 27 லட்சத்துக்கு மேல்!

அவ்வளவுதான். ஒரு வாரம் வாட்ஸ்அப் முழுக்க டீ மீம். டிவியில் டீ. டீக்கடை மாஸ்டர் பேட்டிகூட எடுத்திருப்பார்கள். நானும் ரெண்டு மீம் ஃபார்வர்ட் செய்தேன், மறைக்கவில்லை. இப்போது யோசித்தால், அந்தத் தீ ஏன் பிடித்தது, மறுபடி பிடிக்காமலிருக்க என்ன செய்தார்கள் என்று ஒரு வரி படித்ததாக நினைவே இல்லை. டீக் கணக்கைக் கேட்டோம். தீக் கணக்கை விட்டுவிட்டோம்.

மறுபக்கம் · 12 ஜூன், இரவு 10.52

டீச் செலவில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. நூற்றுக்கணக்கான ஆட்கள் பத்துப் பன்னிரண்டு நாள் புகையில் நின்றால் சாப்பாடு போடத்தான் வேண்டும். தொகை சரியா என்பதை ஆடிட் பார்க்கட்டும்.

ஆனால் எல்லோரும் நகராட்சியையே கை காட்டுகிறீர்களே, குப்பை எங்கிருந்து போகிறது? மீன் முள், டயப்பர், பல்பு, பிரியாணிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டு வாசலில் வைப்பது யார்? எங்கள் தெருவில் பச்சை, நீலம் என்று ரெண்டு கூடை கொடுத்தார்கள். ஒன்றில் அரிசி இருக்கிறது, இன்னொன்றில் வெங்காயம்.

கிணற்றடி · 12 ஜூன், இரவு 11.05

உண்மைதான். ஆனால் ஒன்று. நாங்கள் ரெண்டு வருஷமாகப் பிரித்துத்தான் கொடுக்கிறோம். வண்டியில் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள்.

ஜே.இ. (ஓய்வு) · 13 ஜூன், காலை 6.20

முப்பது வருஷம் உள்ளாட்சியில் ஜூனியர் இன்ஜினியர் (ஜே.இ.) வேலையில் இருந்தவன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

முதலில் தீயைப் பற்றி. பீடித் துண்டு, குப்பை பொறுக்குபவர், சமூக விரோதி, இந்த மூன்றில் ஒன்றைத்தான் அறிக்கையில் எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன். பொறி எங்கிருந்தும் வரலாம். எரிய ஏன் தயாராக இருந்தது என்பதுதான் கேள்வி. ஈரக் குப்பையும் காய்ந்த குப்பையும் கலந்து அடுக்கடுக்காக அமுங்கும்போது உள்ளே காற்று இருக்காது, அது அழுகி மீத்தேன் வரும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் வெடிக்கும் பக்குவம். அதனால்தான் 2016ஆம் வருஷத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நிலநிரப்புத் தளத்தில் அந்தக் கீழ் எல்லையில் கால் பங்கைத் தாண்டக்கூடாது என்கின்றன. அதாவது 1.25 சதவீதம். உங்கள் கிடங்கில் யாராவது மீத்தேன் மீட்டர் கொண்டுவந்து பார்த்திருக்கிறார்களா? என் சர்வீஸில் நான் அந்தக் கருவியை ஒரே ஒரு முறை பார்த்தேன், அதுவும் வெளியூர்ப் பயிற்சியில்.

மேலே தண்ணீர் அடித்தால் அணைந்த மாதிரி இருக்கும். உள்ளே பத்தடி ஆழத்தில் கனன்றுகொண்டே இருக்கும். பொக்லைன் வைத்துக் கிளறி, பரப்பி, நனைத்து, மண் போட்டு மூடவேண்டும். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் இப்படிக் கிளறிக் கிளறித்தான் பத்து நாளுக்கு மேல் போராடினார்கள். அடித்த தண்ணீர் எங்கே போகும்? குப்பைக்குள் இறங்கிக் கறுப்புச் சாறாக வெளியே வரும். உங்கள் ஊரில் அது ஓடைக்கு. அப்புறம் கிணறு.

விதியில் இன்னொன்று உண்டு, யாரும் பேசுவதில்லை. கொட்டிய குப்பையை அன்றன்றைக்கே குறைந்தது 10 செ.மீ. மண்ணோ கட்டட இடிபாடோ போட்டு மூடவேண்டும். மழைக்காலத்துக்கு முன் 40 முதல் 65 செ.மீ. மூடாக்கு. மண் லாரிக்குப் பணம் ஒதுக்குவதில்லை, அல்லது ஒதுக்குவார்கள், மண் வராது. தீ பிடித்தால் அவசரச் செலவு, டெண்டர் கிண்டர் எதுவும் வேண்டாம். இதை இதற்கு மேல் விளக்க மாட்டேன்.

சிங்காநல்லூரான் · 13 ஜூன், காலை 8.02

சார், கடைசி வரியில் ஒரு புத்தகமே எழுதிவிட்டீர்கள்.

பழைய நிருபர் · 13 ஜூன், மதியம் 2.30

பதினாறு வருஷம் ஒரு நாளிதழில் மாவட்டப் பக்கம் பார்த்தேன். கிணற்றடியின் "மூன்றாம் நாள் செய்தி இல்லை" என்ற வரி என்னைச் சுட்டது. சமாதானம் சொல்ல வரவில்லை, எப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பகுதி நேர நிருபருக்கு மாதச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. செய்தியும் அவர்தான், பல இடங்களில் விளம்பரமும் அவர்தான். பொங்கல் மலருக்கு நகராட்சித் தலைவர் வாழ்த்து விளம்பரம் வாங்கி வரச் சொல்வார்கள். வாங்கி வந்தவர் பிப்ரவரியில் அதே தலைவரைக் குப்பைக் கிடங்கு பற்றிக் கேட்பாரா? என்னை யாரும் "எழுதாதே" என்று சொன்னதில்லை. சொல்லத் தேவைப்படவில்லை, அதுதான் விஷயம்.

இன்னொன்று, செய்திக்குப் புதுசு வேண்டும். தீ புதுசு. நாற்றம் பழசு. கிணற்றுத் தண்ணீர் கெடுவது பத்து வருஷத்தில் நடக்கிற சமாச்சாரம், அதற்கு எந்தத் தேதியில் தலைப்புப் போடுவது? டெஸ்கில் (ஆசிரியர் குழுவில்) கேட்பார்கள்: "இன்னிக்கு என்ன ஆச்சு?" ஒன்றும் ஆகவில்லை என்றால் உள்பக்கத்தில் ரெண்டு பத்தி, அதுவும் விளம்பரம் வந்தால் போய்விடும்.

அதனால் ஆத்திரத்தோடு வருபவர்களை விட, ஒரு காகிதத்தோடு வருபவரை நிருபருக்குப் பிடிக்கும். "எங்க தண்ணி கெட்டுப்போச்சு சார்" என்றால் அது புகார். "நிலத்தடி நீரை வருஷத்துக்கு மூன்று முறை சோதிக்கவேண்டும் என்பது விதி, மூன்று வருஷமாக ஒரு முறைகூடச் செய்யவில்லை என்று நகராட்சியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது" என்றால் அது செய்தி. டெஸ்க்கால் தள்ள முடியாது. விளம்பரம் போனாலும் "அவங்களே கொடுத்த பதில்தானே" என்று நிருபருக்குத் தப்பிக்க வழியும் இருக்கிறது. டீச் செலவு ஏன் அப்படிப் பரவியது? அது மாமன்றக் காகிதத்தில் எண்ணோடு இருந்தது. தீயின் காரணத்துக்கு அப்படி ஒரு காகிதம் யார் கையிலும் இல்லை. அந்தக் காகிதத்தை உண்டாக்குங்கள்.

கொட்டாஞ்சேனை · 13 ஜூன், இரவு 8.45

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் தீயைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எங்களுக்கு மலையே இடிந்து விழுந்தது.

2017 ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பு. பின்னேரம் சனம் எல்லாம் வீட்டில், விருந்தாளிகளோடு. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளுக்கு மேலே வந்தது. 32 பேர் செத்தார்கள், சிலரைக் கண்டெடுக்கவே இல்லை. நூறுக்கு மேற்பட்ட வீடுகள் போயின.

திடீர் அனர்த்தம் என்று அன்றைக்கு இரவு டிவியில் சொன்னார்கள். திடீரோ? 2009இல் புளூமெண்டல் குப்பைமேட்டை நிறுத்தச் சொன்ன உயர் நீதிமன்றம், மீதொட்டமுல்லையில் ஒரு சிறு துண்டு நிலத்தில் கொஞ்சக் காலத்துக்குக் கொட்ட விட்டது. கொஞ்சக் காலம் எட்டு வருஷமானது. சிறு துண்டு இருபது ஏக்கரானது. அங்கே இருந்த சனம் வருஷக்கணக்காக றோட்டில் இறங்கிக் கத்தினார்கள், பொலிஸிடம் அடியும் வாங்கினார்கள். அந்த நேரம் செய்தி என்ன தெரியுமோ? "ஆர்ப்பாட்டத்தால் வாகன நெரிசல்."

பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு, அறிக்கை, எல்லாம் வந்தது. குப்பை எங்கே போனது? கடைசியில் புத்தளம் அறுவக்காட்டுக்கு. கொழும்புக் குப்பையை நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய்த் தமிழ் பேசும் முஸ்லிம் சனம் நிறைய இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் போடுவதென்று முடிவு. அவர்களும் மாதக்கணக்கில் போராடினார்கள். தலைநகரத்துப் பத்திரிகைகளுக்கு அது "மாகாணச் செய்தி".

மறுபக்கம் · 13 ஜூன், இரவு 9.10

உயர் நீதிமன்றமே குப்பை கொட்ட அனுமதித்ததா? மேல்முறையீடு போகவில்லையா?

கொட்டாஞ்சேனை · 13 ஜூன், இரவு 9.18

தம்பி, எங்களுக்கு உயர் நீதிமன்றம் என்றால் உங்கட உச்ச நீதிமன்றம். அதற்கு மேலே கடவுள்தான்.

வியாசர்பாடி செல்வி · 14 ஜூன், காலை 11.25

எங்கள் அம்மா கொடுங்கையூர்க் கிடங்கில் இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். அதனால் ரெண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

ஜே.இ. சார் ஒத்துக்கொண்டதற்கு நன்றி. தீப்பிடித்த ஒவ்வொரு முறையும் "குப்பை பொறுக்குபவர்கள் செம்பு எடுக்க வயரை எரித்ததால்" என்று ஒரு வரி வரும். ஒரு சேனல்காரர் எங்கள் அம்மாவின் முகத்தைக் காட்டிக்கொண்டே அதைச் சொன்னார். அம்மா அன்றைக்கு வேலைக்கே போகவில்லை, ஊரில் கல்யாணம். யாரிடம் போய்ச் சொல்வது? சேனலுக்குப் போன் செய்தால் "ஃபைல் விஷுவல்மா" என்றார்கள், அதாவது பழைய படமாம். இன்றைக்கும் யூடியூபில் கிடக்கிறது.

ரெண்டாவது, வடசென்னையில் இப்போது பிரச்சினை வேறு திசையில் திரும்பியிருக்கிறது. கிடங்கில் பயோமைனிங் நடக்கிறது, சரி. அதே இடத்தில் தினமும் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை என்றார்கள். போன மாதம் மனிதச் சங்கிலி நடத்தினோம், குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். அம்மா ஒரு கேள்வி கேட்டார், அதற்கு எந்த மேடையிலும் பதில் இல்லை: "இத்தனை வருஷமா தீ வேணாம் வேணாம்னு சொன்னோம். இப்ப தெனமும் எரிக்கிறேன்னு சொல்றாங்களே, அது என்ன தீ?"

பெருங்குடியையும் மறக்காதீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த தேதி 2022 ஏப்ரல் 8. சரியாகப் பத்தொன்பதாவது நாள், ஏப்ரல் 27, அதை ஒட்டிய கிடங்கில் தீ, நாலைந்து நாள் புகை. ராம்சார் அறிவிப்பு வெளியே வந்தது ஜூலையில். அப்போது எல்லாப் பேப்பரிலும் பூநாரை படம். புகை படத்தைப் பக்கத்தில் யார் போட்டார்கள்?

கறுப்புக் கோட்டு · 14 ஜூன், மாலை 6.40

செல்வி, முதலில் உங்கள் விஷயம். டிவி சேனல் என்றால் அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 15 நாளில் முடிவு சொல்லவேண்டும் என்று 2021இல் கேபிள் டிவி விதியைத் திருத்தியிருக்கிறார்கள். திருப்தி இல்லையென்றால் சேனல் எந்தச் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பில் உறுப்பினரோ அங்கே மேல்முறையீடு. அச்சுப் பத்திரிகை என்றால் முதலில் ஆசிரியருக்குக் கடிதம், பிறகு பிரஸ் கவுன்சில். நாளிதழ், வார இதழுக்கு ரெண்டு மாதக் கெடு. பிரஸ் கவுன்சிலால் அபராதம் போட முடியாது, கண்டிக்க மட்டும்தான் முடியும். அந்தக் கண்டனத்துக்கே சில ஆசிரியர்கள் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். போனில் பேசியது கணக்கில் வராதம்மா. எழுத்து, தேதி, ஒப்புகைச் சீட்டு.

கிணற்றடி, உங்களுக்கு மூன்று கதவு உண்டு. நகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம். தீர்ப்பாயத்துக்கு எல்லோரும் முதல் நாளே ஓடுகிறார்கள். காகிதம் இல்லாமல் போனால் "ஆறு மாதத்தில் முடித்துவிடுவோம்" என்ற அதே பதில் அங்கே பிரமாண வாக்குமூலமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். காகிதத்தோடு போனால் கதை வேறு. பிரம்மபுரம் தீக்குக் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் போட்டது இதே தீர்ப்பாயம்தான். காலக்கெடு கவனம். பொதுவான மனுவுக்கு 6 மாதம், இழப்பீடு கேட்பதற்கு 5 வருஷம்.

பத்திரிகையால் என்ன ஆகும் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வழக்கு. மும்பை தேவ்னார் குப்பைமேட்டைப் பற்றி ஓர் இணையச் செய்தித் தளம் விரிவாக எழுதியது. பசுமைத் தீர்ப்பாயம் அந்தக் கட்டுரையையே வழக்காக எடுத்து 2018இல் மாநகராட்சிக்கு 5 கோடி போட்டது. "யாரும் மனு கொடுக்காமல் நீங்களாக எப்படி எடுக்கலாம்?" என்று மாநகராட்சி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2021 அக்டோபர் 7ஆம் தேதி தீர்ப்பு: எடுக்கலாம். இன்றைக்கு நாடு முழுக்கத் தீர்ப்பாயம் செய்தியைப் பார்த்துத் தானாக வழக்கு எடுக்கிறதே, அந்த அதிகாரம் உறுதியானது ஒரு குப்பைமேட்டுக் கட்டுரையால்.

மறுபக்கம் · 14 ஜூன், இரவு 7.30

எல்லாம் சரி வக்கீல் சார். காகிதம் கேட்டு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டவர் வீட்டுக்கு ஆள் வந்து "என்ன தம்பி, நல்லாயிருக்கீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போன கதை எங்கள் ஊரில் உண்டு. கான்ட்ராக்டர் பணம் அதில் இருக்கிறது. கிணற்றடிக்கு வயதான அப்பா இருக்கிறார். சும்மா உசுப்பேற்றாதீர்கள்.

கறுப்புக் கோட்டு · 14 ஜூன், இரவு 8.05

நியாயமான பயம். அதனால்தான் ஒருத்தர் போடக்கூடாது. ஒரே கேள்வியை நாலு பேர், நாலு தெருவிலிருந்து, பதிவுத் தபாலில். ஒன்று நகராட்சிக்கு, ஒன்று மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர் அலுவலகத்துக்கு. ரெண்டு பதிலும் ஒத்துப்போகாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்ட் தொகையைப் பற்றி முதல் மனுவிலேயே கேட்காதீர்கள். தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்பவனை யாரும் மிரட்ட மாட்டார்கள், மிரட்டினால் அதுவே செய்தி.

நெறியாளர் · 14 ஜூன், இரவு 9.00

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். அதிகாரி ஒருவரின் பெயரும் போன் எண்ணும் அதில் இருந்தன. பதவியைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். இழை நன்றாகப் போகிறது, கெடுக்கவேண்டாம்.

கிணற்றடி · 15 ஜூன், மதியம் 12.10

படித்தேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். "நாலு பேரில் என் பெயரையும் போடு" என்கிறார்.

மனு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்: "நமது நகராட்சிக் குப்பைக் கிடங்கால் மக்களுக்கு ஏற்படும் சுகாதாரக் கேடுகள் என்ன? அதைத் தடுக்க எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் என்ன? தீ விபத்துக்கு யார் பொறுப்பு?"

ஜே.இ. (ஓய்வு) · 15 ஜூன், மதியம் 1.00

இந்த மாதிரி மனு வந்தால் எங்கள் ஆபீஸில் சிரித்துக்கொண்டே பதில் அடிப்போம். "தக்க நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன." ஒரு வரி. பைலை மூடிவிடலாம்.

ஏன், என்ன, யார் என்று கேட்காதீர்கள். ஆபீஸில் இருக்கவேண்டிய காகிதத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். இருந்தால் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் "இல்லை" என்று எழுதவேண்டும். ரெண்டாவதுதான் உங்களுக்கு நல்லது.

உள்ளாட்சி அமைப்பு வருஷா வருஷம் ஜூன் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆண்டறிக்கை அனுப்பவேண்டும், படிவம் 4. கடைசி மூன்று வருஷ நகல் கேளுங்கள். இன்னும் பதினைந்து நாளில் இந்த வருஷத்துக்கும் கெடு வருகிறது, இப்போது மனு போனால் அந்த மேஜையில் கொஞ்சம் சுறுசுறுப்பு வரும். அடுத்து, கிடங்கில் விபத்து நடந்தால் பொறுப்பு அலுவலர் படிவம் 6 நிரப்பவேண்டும். மூன்று கோடையும் தீ என்றீர்களே, மூன்று படிவம் 6 இருக்கவேண்டும். என் அனுபவத்தில் அந்தப் படிவத்தை அச்சடித்துக்கூட வைத்திருக்க மாட்டார்கள். அப்புறம் நிலத்தடி நீர்ச் சோதனை. கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று மூன்று பருவம், கிடங்கு எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள். அறிக்கையோடு மாதிரி எடுத்த இடத்தையும் தேதியையும் கேளுங்கள். இடத்தை மறக்காதீர்கள்.

எடை மேடைப் பதிவேடு, பயோமைனிங் அளவெடுத்த எம்-புக் (அளவுப் புத்தகம்) இதெல்லாம் அடுத்த சுற்றுக்கு. வக்கீல் சொன்னது சரி, இப்போது தொடவேண்டாம்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். நிறையப் பேர் இதை மறந்து மனு திரும்பி வரும்.

பழைய நிருபர் · 15 ஜூன், மதியம் 1.45

இதற்கிடையில் நீங்களே தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரிய மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் செய்து கொடுப்பார்கள். ரெண்டு பாட்டில் எடுங்கள். ஒன்று உங்கள் கிணறு. இன்னொன்று கிடங்குக்கு மேட்டுப் பக்கம், ஓடை வருகிற திசையில் தள்ளி உள்ள கிணறு. ஒரே பாட்டில் கொடுத்தால் "அந்தப் பகுதி நிலத்தடி நீரே அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள். மேட்டுக் கிணறு நன்றாக இருந்து உங்களுடையது கெட்டிருந்தால் வாய் திறக்க முடியாது. நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் போனாலோ, கரைந்த உப்பு 2000ஐத் தாண்டினாலோ குடிக்க லாயக்கில்லை என்று அர்த்தம், லிட்டர் கணக்கில் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை · 15 ஜூன், இரவு 9.30

பாட்டிலில் திகதி எழுதி, எடுக்கிறபோது படமும் எடுங்கோ. எங்கட சனத்திடம் எல்லாம் இருந்தது, திகதி போட்ட ஒன்றும் இருக்கவில்லை.

கிணற்றடி · 19 ஜூலை 2025, இரவு 10.20

ஒரு மாதம் கழித்து வருகிறேன். நாலு மனு போட்டோம், நானும் அப்பாவும் பக்கத்துத் தெரு ரெண்டு பேரும். நகராட்சியிலிருந்து போன புதன்கிழமை பதில் வந்தது, முப்பதாவது நாளில். வாரியத்திலிருந்து இன்னும் இல்லை.

படிவம் 4: போன ரெண்டு வருஷ நகல் கொடுத்திருக்கிறார்கள். ரெண்டும் ஒரே எண்கள், ஆண்டு மட்டும் பேனாவில் திருத்தியிருக்கிறது. மூன்றாவது "கோப்பில் இல்லை". படிவம் 6: "இவ்வலுவலகத்தில் தீ விபத்து ஏதும் பதிவாகவில்லை." அப்பா இதை மூன்று முறை படிக்கச் சொன்னார். ஐந்து நாள் அக்கா வீட்டில் இருந்தது யார் என்று கேட்டார்.

நீர்ச் சோதனை: மூன்று வருஷத்துக்கு ஒரே ஒரு அறிக்கை. எல்லாம் அளவுக்குள், குடிக்கலாம். ஜே.இ. சார் சொன்னபடி மாதிரி எடுத்த இடத்தையும் கேட்டிருந்தேன். பதில்: "அலுவலக வளாகக் குழாய்". அது ஆற்றுக் குடிநீர்த் திட்டத்துக் குழாய். கிடங்கிலிருந்து ஐந்து கிலோமீட்டர்.

எங்கள் ரெண்டு பாட்டில் ரிசல்ட்டும் வந்துவிட்டது. மேட்டுக் கிணறு பரவாயில்லை. எங்கள் கிணற்றில் கரைந்த உப்பும் நைட்ரேட்டும் நீங்கள் சொன்ன எல்லையைத் தாண்டி நிற்கின்றன.

ஜே.இ. (ஓய்வு) · 19 ஜூலை, இரவு 10.41

ஆபீஸ் குழாய்! நாங்கள்கூட அந்த அளவுக்குப் போனதில்லை.

பழைய நிருபர் · 19 ஜூலை, இரவு 10.50

"தீ விபத்து ஏதும் பதிவாகவில்லை" என்ற கடிதத்தையும், ஏப்ரலில் அதே தீயைப் போட்ட பேப்பர் கட்டிங்கையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகல் எடுங்கள். அந்தப் பேப்பருக்கே முதலில் கொடுங்கள். அவர்கள் போட்ட செய்தியை நகராட்சி இல்லை என்கிறது, அவர்களுக்கே கோபம் வரவேண்டும். இரண்டு நாள் பாருங்கள். வரவில்லையென்றால் அடுத்த பேப்பர்.

கறுப்புக் கோட்டு · 20 ஜூலை, காலை 7.15

தாள் வெளியே போகும் முன் முதல் மேல்முறையீட்டைத் தயார் செய்யுங்கள். பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். இன்னொரு மனு தனியாக: ஆர்.டி.ஐ. சட்டம் பிரிவு 2(ஜே) பணிகளை நேரில் பார்வையிடவும் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை கொடுக்கிறது. கிடங்கு ஓரம் அவர்கள் முன்னிலையிலேயே தண்ணீர் மாதிரி எடுக்க அனுமதி கேளுங்கள்.

கிணற்றடி · 23 ஜூலை, இரவு 9.05

இன்று மாவட்டப் பக்கத்தில் வந்தது. மூன்று பத்தி, படம் இல்லை. தலைப்பில் "குழாய்" இருக்கிறது, "தீ" இல்லை. பரவாயில்லை.

மதியம் நகராட்சியிலிருந்து ஒரு ஜீப் வந்தது. ரெண்டு பேர் இறங்கி, கிணற்றடிக்கு வந்து, பாட்டில் எடுத்தார்கள். தேதி எழுதவில்லை. அப்பா உள்ளே போய் மார்க்கர் பேனாவை எடுத்து வந்து கொடுத்தார்.